சொகோத்ராவில் பாலைவன ரோஜா: பூக்கும்போது போய்ப் பார்ப்பது எப்படி?

நர்சரியில் தொட்டியில் விற்கும் அடீனியம், அதாவது பாலைவன ரோஜா, தெரியும்தானே? அதே இனம் இரண்டு ஆள் உயரத்துக்கு, யானைக்கால் போல வீங்கிய தண்டோடு, மண்ணே இல்லாத சுண்ணாம்புப் பாறை இடுக்கில் நிற்பதைப் பார்க்க வேண்டுமென்றால் சொகோத்ராவுக்குத்தான் போக வேண்டும். அரபிக் கடலில், ஆப்பிரிக்கக் கொம்புக்குக் கிழக்கே இருக்கும் ஏமன் நாட்டுத் தீவு. 2008-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. இங்குள்ள சுமார் 825 தாவர இனங்களில் 37 சதவீதம் உலகில் வேறெங்கும் இல்லை.

படி 1: முதலில் பாஸ்போர்ட், அப்புறம் பூ

இந்தியக் குடிமக்கள் ஏமன் செல்வதற்கு 2017-ல் மத்திய அரசு தடை விதித்தது. மீறினால் பாஸ்போர்ட்டுக்கே ஆபத்து. சொகோத்ராவும் ஏமன்தான். "தீவு அமைதியாகத்தான் இருக்கிறது" என்று ஏஜென்ட் சொல்வதை நம்பி முன்பணம் கட்டாதீர்கள். வெளியுறவு அமைச்சகத்தில் இன்றைய நிலவரத்தைக் கேட்டுவிட்டு முடிவெடுங்கள். வேறு நாட்டு பாஸ்போர்ட் வைத்திருக்கும் தமிழர்களும் அவரவர் அரசின் பயண எச்சரிக்கையைப் படிக்க வேண்டும். எச்சரிக்கையை மீறிப் போனால் சாதாரணப் பயணக் காப்பீடு செல்லாமல் போகும்.

விசா, விமான டிக்கெட், வண்டி, வழிகாட்டி எல்லாமே உள்ளூர் டூர் நிறுவனம் வழியாகத்தான். விமானம் எந்த ஊரிலிருந்து கிளம்பும் என்பது அரசியலைப் பொறுத்து மாறும். அது ரத்தானால் தீவிலேயே மாட்டிக்கொள்வீர்கள், கையில் ஒரு வாரம் கூடுதல் விடுப்பு இருக்கட்டும்.

படி 2: வாரத்தைத் தேர்ந்தெடுங்கள்

பிப்ரவரி கடைசியிலிருந்து மார்ச் நடுவரை என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சமயத்தில் மரம் இலையை உதிர்த்துவிட்டு மொட்டைக் கிளையின் நுனியில் ரோஸ் நிறப் பூவைக் கொத்தாக வைத்திருக்கும். நவம்பரில் போகிறவர்களுக்குப் பெரும்பாலும் பூ கிடைக்காது. ஜூன் முதல் செப்டம்பர் வரை பருவக்காற்று ஆளையே தள்ளும். அப்போது யாரும் போவதில்லை.

ஒரு சிக்கல்: இப்போதைக்கு ரமலான் மாதமும் இதே பருவத்தில்தான் வருகிறது. 2027-ல் பிப்ரவரி 8 வாக்கில் தொடங்கி மார்ச் 9 வாக்கில் முடியும். நோன்பிருக்கும் வழிகாட்டியை உச்சிவெயிலில் மலையேற்றாதீர்கள். முடிந்தால் ரமலான் முடிந்த பிறகு போங்கள்.

படி 3: எங்கே பார்ப்பது

கிழக்கே ஹோம்ஹில். பாதுகாக்கப்பட்ட பகுதி. பாலைவன ரோஜா, டிராகன் ரத்த மரம் (ரத்தச் சிவப்பில் பிசின் வடியும் குடை வடிவ மரம்), சாம்பிராணி மரம் மூன்றும் ஒரே சரிவில் நிற்கும் இடம் என்பதால் புதிதாகப் போகிறவர்களுக்கு இதையே முதலில் சொல்வோம். ஒரு ராத்திரி கூடாரம் போட்டுத் தங்கினால்தான் காலை வெளிச்சம் கிடைக்கும். அடுத்தது நடுவில் உள்ள திக்சம் மேட்டுநிலம். அங்கே ஃபிர்மிஹின் டிராகன் ரத்தக் காடு இருக்கிறது. பள்ளத்தாக்கில் பூ முடிந்திருந்தாலும் மேட்டில் இருக்கலாம் என்பதால் இரண்டு உயரத்தையும் திட்டத்தில் வையுங்கள்.

படி 4: மரத்தை அடையாளம் காண்பது

தண்டு வீங்கியதெல்லாம் பாலைவன ரோஜா அல்ல. பலரும் ஏமாறுவது வெள்ளரி மரத்திடம். சுரைக்காய், பூசணி வகையறாவில் மரமாக வளரும் ஒரே இனம் அதுதான். வெளிறிய பருத்த தண்டு, தொங்கும் மெல்லிய கொடி போன்ற கிளை, சொரசொர இலை, மஞ்சள் பூ. பாலைவன ரோஜாவின் கிளைகளோ கட்டையாக, விரல்கள் போல மேல்நோக்கி நிற்கும். பூவுக்குள் எட்டிப் பாருங்கள்: ஐந்து இதழ், நடுக்குழலிலிருந்து நீளும் மெல்லிய இழைகள். நம் அரளிக்கு உறவு என்று பார்த்ததுமே புரியும்.

அரளியைப் போலவே பாலும் விஷம். ஆப்பிரிக்காவில் அம்பு முனையில் இந்த இனத்தின் பாலையும் தடவினார்கள். கிளையை ஒடித்த கையால் கண்ணைத் தொடக் கூடாது. ஒடிக்கவே கூடாது என்பது வேறு விஷயம். ஆடுகள் இதை ஒதுக்கிவிடுவதால்தான் இவ்வளவு மிஞ்சியிருக்கிறது. டிராகன் ரத்த மரத்தின் கன்றுகளுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை, ஆடு மேய்ந்துவிடுகிறது. ஃபிர்மிஹினில் நிற்பவை கிட்டத்தட்ட எல்லாமே கிழட்டு மரங்கள்.

படி 5: பையும் கேமராவும்

ஏடிஎம், கார்டு இரண்டையும் மறந்துவிடுங்கள். கிழியாத, புதிய டாலர் நோட்டுகள் வேண்டும். பாறை கத்தி மாதிரி இருக்கும், கனத்த அடிப்பாகமுள்ள ஷூ அவசியம். நடக்கும் நாளில் தலைக்கு 3 லிட்டர் தண்ணீர். ட்ரோனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.

மதிய வெயிலில் எடுத்தால் ரோஸ் இதழ் வெள்ளைக் காகிதம் போல வெளுத்துவிடும். காலை 9-க்குள், மாலை 4-க்கு மேல் எடுங்கள். எக்ஸ்போஷரை அரை ஸ்டாப் குறையுங்கள். காற்றில் கிளை நுனி ஆடிக்கொண்டே இருக்கும் என்பதால் ஷட்டர் வேகம் 1/500 விநாடியைவிட மெதுவாகக் கூடாது. சிலர் தண்டின் மீது ஏறி நின்று படம் எடுக்கிறார்கள். உள்ளே தண்ணீர் தேக்கிய மெத்தென்ற சதை அது. ஷூ பட்ட இடம் நசுங்கி அழுக ஆரம்பிக்கும்.