காதுகுத்துக்குத் தெருவை மறிக்கலாமா? பெந்தாமின் கணக்கைப் போட்டுப் பார்க்கும் முறை

பென்சில் எடுத்துக்கொள்ளுங்கள். பேனா வேண்டாம், நிறைய அழிக்க வேண்டியிருக்கும். தாளைக் குறுக்குவாட்டில் வைத்து நடுவில் ஒரு கோடு போடுங்கள். இடப்பக்கம் இன்பம், வலப்பக்கம் துன்பம்.

மதுரையில் ஆட்சிப்பணித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகளுக்கு நான் அறவியல் தாள் நடத்துகிறேன். பயன்பாட்டுவாதம் என்றதும் எல்லோரும் ஒரே குரலில் "அதிகம் பேருக்கு அதிக மகிழ்ச்சி" என்பார்கள். அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு எந்தப் பக்கம் வேண்டுமானாலும் தீர்ப்பு எழுதிவிடலாம், வம்பே அதுதான். இந்தக் கொள்கையை வகுத்த ஆங்கிலத் தத்துவ அறிஞர் ஜெரமி பெந்தாம் அதோடு விடவில்லை. 1780இல் அச்சிட்டு 1789இல் வெளியிட்ட நூலின் நான்காம் அத்தியாயத்தில், இன்ப துன்பத்தை எப்படி அளப்பது என்று படிப்படியாகச் சொல்லியிருக்கிறார். மாணவர்கள் அந்த அத்தியாயத்தைப் பெயரளவில் தெரிந்து வைத்திருப்பார்களே தவிர, உட்கார்ந்து கணக்குப் போட்டவர்கள் குறைவு. போட்டுப் பார்த்துவிடுவோம்.

வகுப்பில் நான் எடுக்கும் எடுத்துக்காட்டு நம்மூர்க் காதுகுத்து. தெருவை அடைத்துப் பந்தல், முனை வீட்டு மாடியில் ஒலிபெருக்கிக் குழாய் கட்டி விடியற்காலை ஐந்து மணிக்கே பாட்டு, மதியம் கறி விருந்து, கூட்டம் இருநூறு பேர். இதைச் செய்யலாமா?

முதல் வேலை, யார் யார் என்று எழுதுவது. எண்களுக்கு இன்னும் போகாதீர்கள். யாரை இந்தச் செயல் நேரடியாகத் தொடுகிறதோ அவரிடமிருந்து தொடங்கச் சொல்கிறார் பெந்தாம். கேட்டால் மாணவர்கள் அப்பா, அம்மா, தாய்மாமன், விருந்தாளி, அக்கம்பக்கத்து வீட்டுக்காரர் என்று அடுக்குவார்கள். காது குத்திக்கொள்ளப் போகிற குழந்தையை எழுதுகிறவர் அபூர்வம்! விழாவே அதற்குத்தான், பட்டியலில் மட்டும் அது இல்லை. அடுத்து, இரவுப் பணி முடித்துக் காலை எட்டு மணிக்கு வந்து படுக்கிற எதிர்வீட்டு நர்ஸ். பொதுத்தேர்வுக்குப் படிக்கிற பெண். இதய நோய்க்காரப் பெரியவர். தெருவுக்குள் வரமுடியாமல் திரும்பப்போகிற தண்ணீர் லாரி.

அப்புறம் கிடா. "மேடம், ஆட்டுக்குமா?" என்று பின்பெஞ்சிலிருந்து சிரிப்பு வரும். ஆட்டுக்கும்தான்ப்பா. அந்த உயிருக்குப் பகுத்தறிய முடியுமா, பேச முடியுமா என்று கேட்காதே, வலிக்குமா என்று கேள் என்று அதே நூலின் அடிக்குறிப்பில் எழுதியவர் பெந்தாம். அவர் கறி சாப்பிடக் கூடாது என்றும் சொல்லவில்லை. இயற்கையில் வரும் சாவைவிட நம் கையால் நேரும் சாவு விரைவானது, வலி குறைந்தது என்பது அவர் வாதம். அப்படியானால் கிடாவின் வரியில் எழுத வேண்டியது வெட்டுகிற விதத்தையும், முந்தின நாளே கொண்டுவந்து தண்ணீர் காட்டாமல் வெயிலில் கட்டிப்போட்ட நேரத்தையும்.

அடுத்து, மாற்று வழிகள். ஒரே ஒரு திட்டத்தை வைத்துக்கொண்டு சரியா தவறா என்று கேட்டால் கணக்கு உதவாது. குறைந்தது மூன்று எழுதுங்கள். ஒன்று, மேலே சொன்னபடி எல்லாம். இரண்டு, பந்தலுக்குள்ளேயே சின்ன ஸ்பீக்கர், தெருவில் ஒரு வண்டி போக வழி. மூன்று, கடன் வாங்கி மண்டபம். மூன்றாவது வழியில் அந்தக் கடனுக்கு வட்டி கட்டும் மாதங்களும் துன்பப் பக்கத்தில் ஏறும், மறந்துவிடாதீர்கள்.

இப்போது அளவுகள். பெந்தாம் ஏழு சொல்கிறார்: எவ்வளவு தீவிரம், எவ்வளவு நேரம், எவ்வளவு நிச்சயம், எவ்வளவு சீக்கிரம், அதே வகை உணர்வு தொடர்ந்து வருமா, எதிர்வகை உணர்வு கலந்து வருமா, எத்தனை பேர். மனப்பாடம் செய்ய வசதியாக ஒரு சிறு பாட்டும் எழுதி வைத்திருக்கிறார். அலகு எதையும் அவர் கொடுக்கவில்லை. 1881இல் எட்ஜ்வொர்த் என்ற பொருளியலாளர் இன்பமானி என்று ஒரு கருவியைக் கற்பனை செய்தார், அது கற்பனையாகவே நின்றுவிட்டது. நான் வகுப்பில் வைத்திருக்கும் ஏற்பாடு: தீவிரத்துக்குப் பூஜ்யம் முதல் பத்து வரை, நேரம் மணிக்கணக்கில், நிச்சயம் பின்னத்தில். மூன்றையும் பெருக்கிக்கொள்ளுங்கள். "எவ்வளவு சீக்கிரம்" என்பதற்குத் தனி எண் தராதீர்கள். நாளைக்கு வரும் வலி இன்றைய வலியைவிடச் சின்னதில்லை. தூரத்தில் இருப்பது நடக்காமலும் போகலாம் என்றால், அதை நிச்சயம் என்ற இடத்திலேயே குறைத்துக்கொள்ளலாம். காலம் மட்டுமே ஒரு காரணம் ஆகாது என்று பிற்காலத்தில் ஹென்றி சிட்ஜ்விக் என்ற பயன்பாட்டுவாதியும் வாதாடினார்.

குழந்தையின் வரியை நிரப்புவோம். ஆசாரி காதில் கம்பியைச் செலுத்தும் அந்த நொடி: தீவிரம் எட்டு, ஒன்பதுகூடப் போடலாம். நேரமோ இரண்டு காதுக்கும் சேர்த்துச் சில நொடிகள். அலறி ஓய அரை மணி என்று வைத்தாலும் நான்கு, நாலரைதான் வருகிறது. அதன் பிறகு யாரும் எழுதாத ஒன்று இருக்கிறது. புண்ணின் வலி அடங்கவே ஒரு வாரம் ஆகும். சட்டை மாட்டும்போது தோடு இழுக்கும். ஒருக்களித்துப் படுத்தால் திருகாணி கழுத்தில் குத்தும், குழந்தை தூக்கத்தில் சிணுங்கும். தீவிரம் ஒன்றுதான், ஆனால் விழித்திருக்கும் நேரத்தை மட்டும் எண்பது மணி என்று வைத்தாலும் எண்பது! ஊரே கண்ணை மூடிக்கொள்கிற அந்த நொடியைவிட, யாரும் கண்டுகொள்ளாத அந்த வாரம் பல மடங்கு பெரிது. மழமழவென்ற திருகாணி வாங்குவது பந்தலுக்குச் சீரியல் பல்பு கட்டுவதைவிட முக்கியம் என்று இந்த ஒரு வரி சொல்லிவிடுகிறது.

தொடர்ந்து வருவது, கலந்து வருவது ஆகிய இரண்டும்தான் மாணவர்களைக் குழப்பும். மொய்யை வைத்துப் புரிந்துகொள்ளுங்கள். நோட்டில் பெயர் எழுதிப் பணம் எண்ணும்போது வருவது இன்பம். அந்தப் பணத்தில் ஒரு தையல் மிஷின் வாங்கினால் இன்பம் குட்டி போடுகிறது. அந்த நோட்டில் உள்ள ஒவ்வொரு பெயருக்கும் அவர் வீட்டு விசேஷத்தில் திருப்பிச் செய்ய வேண்டும் என்பது அதில் கலந்திருக்கும் துன்பம். தாளில் ஒவ்வொரு ஆளுக்கும் நான்கு கட்டம் போடுங்கள்: உடனடி இன்பம், உடனடித் துன்பம், பின்னால் வரும் இன்பம், பின்னால் வரும் துன்பம். பெந்தாமின் வரிசையும் இதேதான்.

எல்லோருக்கும் போட்டபின் கூட்டுங்கள். இங்கேதான் வகுப்பில் சத்தம் கிளம்பும். பாட்டை மட்டும் எடுத்துக்கொள்வோம். இருநூறு பேர், ஆளுக்கு மூன்று மணி நேரம், தீவிரம் ஒன்று: 600. எதிர்ப்பக்கம் நர்ஸ். ஆறு மணி நேரத் தூக்கம் கெட்டதற்கு ஆறால் பெருக்கி 36, அன்றிரவு கண்சொருக வேலை பார்க்கும் எட்டு மணி நேரத்துக்கு மூன்றால் பெருக்கி 24, ஆக 60. பெரியவருக்கு 75, படிக்கிற பெண்ணுக்கு 40. மொத்தத் துன்பம் 175. "பாட்டு ஜெயிச்சிருச்சு மேடம்!"

பயன்பாட்டுவாதத்தின் மேல் காலங்காலமாகச் சொல்லப்படும் குற்றச்சாட்டு இதுதான்: பலருடைய சில்லறைச் சந்தோஷம் சிலருடைய பெரிய வலியை விழுங்கிவிடுகிறது. குற்றச்சாட்டு நியாயமானது, அதை மறைத்துக் கணக்கு நடத்தக் கூடாது. ஆனால் தோற்றோம் என்று தாளைக் கிழிக்கும் முன் இரண்டாவது வழியையும் கூட்டிப் பாருங்கள். அந்த 600ம் பாட்டால் வந்தது. மாடிக் குழாயால் வந்தது அதில் எவ்வளவு? பந்தலுக்குள் இரண்டு பெட்டி வைத்து ஒன்பது மணிக்கு மேல் போட்டால் விருந்தாளிக்கு என்ன குறைந்துவிடும்? தாராளமாக 20 குறைத்து 580 என்று வையுங்கள். தெருவின் துன்பமோ 40க்கு இறங்கிவிடும். முதல் வழியில் மீதி 425, இரண்டாவதில் 540. மாடியில் குழாய் கட்டுவது விருந்தாளிகளுக்காக இல்லை, நம் வீட்டு விசேஷம் அடுத்த தெருவுக்கும் தெரியவேண்டும் என்பதற்காக. அதுவும் ஓர் இன்பம்தான், தாராளமாக எழுதுங்கள். எழுதினால் அது எத்தனை பேருடையது என்றும் எழுதவேண்டும், ஒருவரோ இருவரோதான்.

தெருவை முழுக்க அடைப்பதற்கு வருவோம். ஆம்புலன்ஸ் வரவேண்டியிருந்து, வழியில்லாமல் ஓர் உயிர் போகும் வாய்ப்பு எவ்வளவு? ஆயிரத்தில் ஒன்று என்று ஊகிப்போம். இன்னும் இருபது ஆண்டு வாழக்கூடியவர், நாளுக்குப் பதினாறு மணி விழிப்பு, சராசரி இன்பம் மூன்று. இழப்பு 3,50,400. ஆயிரத்தால் வகுத்தால் 350. உங்கள் ஊகத்தை நான் நம்பவில்லை, பத்தாயிரத்தில் ஒன்று என்கிறேன். அப்போது 35. ஒரே கேள்விக்குப் பத்து மடங்கு வித்தியாசம், இதை அறிவியல் என்று சொல்ல முடியுமா? முடியாது. இப்போது வழி விடுவதற்கான விலையைப் போடுங்கள்: பந்தல் குறுகும், ஒரு பந்தி கூடும், ஐம்பது பேர் அரை மணி நேரம் காத்திருப்பார்கள், தீவிரம் ஒன்று. ஆக 25. ஆம்புலன்ஸ் எண் 350 ஆனாலும் 35 ஆனாலும் 25ஐவிடப் பெரிது. உங்கள் ஊகம், என் ஊகம் இரண்டிலும் விடை மாறவில்லை. எந்த எண்ணை ஆட்டினாலும் விடை ஆடவில்லை என்றால் அதை நம்பிச் செய்யலாம். ஆடினால் அந்த எண்ணைப் பற்றித்தான் மேற்கொண்டு விசாரிக்க வேண்டும். மொத்தத் தொகை தீர்ப்புச் சொல்லும் என்று காத்திருக்காமல், எந்த வரியைத் தொட்டால் திட்டம் மாறுகிறது என்று தேடுங்கள். இந்தக் கணக்கை நான் இன்றும் கற்றுக்கொடுப்பது இதற்காகத்தான்.

"குத்துப்பாட்டு இன்பமும் நாதஸ்வர இன்பமும் ஒன்றா?" என்று யாராவது கேட்பார்கள். பெந்தாமுக்குப் பின் வந்த பயன்பாட்டுவாதி ஜான் ஸ்டூவர்ட் மில் கேட்ட கேள்வி அது. திருப்தியடைந்த பன்றியாக இருப்பதைவிடத் திருப்தியில்லாத மனிதனாக இருப்பது மேல் என்று எழுதியவர். இரண்டு இன்பத்தையும் அனுபவித்தவர்கள் எதைத் தேர்கிறார்களோ அதுவே உயர்ந்தது என்பது அவர் சோதனை. பெந்தாமுக்கு அந்த வேறுபாடு கிடையாது, தரும் இன்பம் சமமானால் சிறுவர்கள் விளையாடும் ஊசி விளையாட்டும் கவிதையும் ஒன்றுதான். தெருக் கணக்கில் நான் பெந்தாம் பக்கம். மில்லின் விதியை ஒரு தெருவில் அமல்படுத்தினால், யாருக்குச் சபா டிக்கெட் வாங்க வசதி இருக்கிறதோ அவருடைய ரசனைக்குக் கூடுதல் மதிப்பெண் விழும். ஒவ்வொருவருக்கும் ஒன்று, எவருக்கும் ஒன்றுக்கு மேல் இல்லை என்ற சொல்லைப் பெந்தாமுடையதாக மேற்கோள் காட்டியவரும் இதே மில்தான்.

எண்களை எங்கிருந்து எடுப்பது? ஆட்களிடம் கேட்டுத்தான். விசேஷம் முடிந்தபின் கேட்காதீர்கள். 1993இல் டேனியல் கானமன் என்ற உளவியலாளரின் குழுவினர் ஒரு சோதனை நடத்தினார்கள். 14 டிகிரி குளிர்நீரில் 60 நொடி கை வைப்பது ஒரு முறை. அதே 60 நொடியோடு, நீரை மெல்ல 15 டிகிரிக்கு ஏற்றி மேலும் 30 நொடி வைப்பது இன்னொரு முறை. எதைத் திரும்பச் செய்வீர்கள் என்றதற்குப் பெரும்பாலோர் நீளமானதைச் சொன்னார்கள். அதில் வலி அதிகம், ஆனால் முடிவு கொஞ்சம் இதமாக இருந்தது. நினைவு நேரத்தைக் கணக்கில் எடுப்பதில்லை. மதியம் ஒரு தூக்கு நிறையக் கறிக்குழம்பு கொடுத்தனுப்பினால் நர்ஸ் அக்கா மாலையில் "பரவாயில்ல தம்பி, தூங்கிட்டேன்" என்றுதான் சொல்வார். காலை பத்து மணிக்குப் போய்க் கேட்டால் வேறு எண் வரும்.

ஒவ்வொரு முறையும் இப்படித் தாள் விரிக்க வேண்டுமா? வேண்டாம். ஒவ்வொரு தீர்ப்புக்கும் முன்னால் இதை அப்படியே கடைப்பிடிக்க எதிர்பார்க்க முடியாது, கண் முன்னால் வைத்திருந்தால் போதும் என்று பெந்தாமே எழுதியிருக்கிறார். அவர் எழுதியது முக்கியமாகச் சட்டம் இயற்றுகிறவர்களுக்கு. ஒரு வீட்டுக்கு ஒரு நாள் கணக்கு வேறு, எல்லா வீட்டுக்கும் எல்லா முகூர்த்தத்துக்கும் வரும் கணக்கு வேறு. இந்தியாவில் 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இரவு பத்து முதல் காலை ஆறு வரை வெளியிடத்தில் ஒலிபெருக்கி கூடாது என்கின்றன. குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபல் என்று எல்லையும் வைத்திருக்கின்றன. ஆகவே ஐந்து மணிப் பாட்டுக்கு நாம் கணக்கே போட்டிருக்க வேண்டியதில்லை, அதை ஏற்கெனவே போட்டு வைத்திருக்கிறார்கள். ஆறு மணிக்கு மேல் உள்ளதற்குத்தான் நம் பென்சில்.

தேர்வு எழுதுகிறவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. விடைத்தாளில் 425, 540 என்றெல்லாம் எழுதிவைக்காதீர்கள், திருத்துகிறவர் மிரண்டுவிடுவார். கணக்கைக் கடைசிப் பக்கத்தில் போட்டு அடித்துவிடுங்கள். விடையில் வரவேண்டியவை: யார் யார் பாதிக்கப்படுகிறார்கள், என்னென்ன வழி இருக்கிறது, எந்தச் சின்ன மாற்றம் யாருடைய துன்பத்தை எவ்வளவு குறைக்கிறது. 250 சொல்லில் இதற்குத் தாராளமாக இடமிருக்கிறது, பெந்தாம் பிறந்த ஆண்டை எழுதி வீணாக்காமல் இருந்தால்.