கல்லடி முற்றத்துக்குப் பழைய முதிரையில் ஒரு வாங்கு

மட்டக்களப்பின் கல்லடியில் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. முற்றத்தில் போடும் வாங்கு எதுவானாலும் உப்புக்காற்றையும் மாரி மழையையும் தாங்க வேண்டும். எங்கள் பழைய கூரையைக் கழற்றியபோது கிடைத்த முதிரைக் கைமரங்களில் அப்படி ஒன்றைச் செய்தேன்.

பெரிய வேலை ஆணி எடுப்பதுதான். தலை உடைந்த ஆணி கண்ணுக்குத் தெரியாது. ஒரு காந்தத்தை மரத்தோடு மெல்ல நகர்த்துங்கள், பிடித்திழுக்கும் இடத்தில் ஆணி இருக்கும். அதைக் கவனிக்காமல் அறுத்தால் வாளின் பல் போய்விடும். பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம். தண்ணீர் தொட்டுத் தேய்த்தால் தூசி பறக்காது. வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் இது மிக முக்கியம்.

முதிரை கடும் வைரமான மரம். துளை போடாமல் ஸ்குரூவை முடுக்கினால் மரத்தின் முனை வெடிக்கும். 5 மி.மீ. ஸ்குரூவுக்கு 3.5 மி.மீ. துளை போட்டேன். சாதாரண இரும்பு இங்கே சீக்கிரம் கறள் பிடிக்கும். 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்குரூ, வழக்கமான 304 ரகத்தை விட உப்பைத் தாங்கும். விலை கூடத்தான், ஆனால் இதில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள்.

அப்புறம், இருக்கைப் பலகைகளுக்கு நடுவே தண்ணீர் வடிய 5 மி.மீ. இடைவெளி விட்டேன். கால்களின் வெட்டுமுனைதான் அதிகம் நீர் உறிஞ்சும், அதனால் தட்டையான கல்லின் மேல் நிறுத்தினேன். கடைசியாக லின்சீட் (ஆளிவிதை) எண்ணெய் பூசினேன். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி வைக்காதீர்கள், தானாகவே தீப்பற்றலாம். வெளியே விரித்துக் காயவிடுங்கள்.