மேட்டூர்த் தண்ணீர் கல்லணையில் பிரிவதை அசையும் படமாக வரையும் முறை

குறுவைச் சாகுபடிக்காக ஜூன் 12 அன்று மேட்டூர் அணையைத் திறப்பது வழக்கம். அந்தத் தண்ணீர் முக்கொம்பைக் கடந்து கல்லணைக்கு வந்து காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் எனப் பிரிவதை, இணையப் பக்கத்தில் தானாக ஓடும் ஜிஃப் படமாக வரையக் கற்றுக்கொள்வோம். கட்டணமில்லாத ஜிம்ப் மென்பொருள் ஒன்றே இதற்குப் போதும்.

முதலில் 600 பிக்சல் அகலமும் 400 பிக்சல் உயரமும் கொண்ட புதிய படத்தைத் திறந்து, வெளிர்நிறப் பின்னணியின்மேல் ஆறுகள் அனைத்தையும் மணல் நிறக் கோடுகளாக வரைந்து, ஊர்ப் பெயர்களையும் எழுதிவிடுங்கள். எழுத்துகள் தனித்தனி லேயர்களாக, அதாவது ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய தாள்கள் போல, நிற்கும் என்பதால், எல்லாவற்றையும் ஒரே லேயராக இணைத்துவிட வேண்டும். அசையும் படத்தில் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றும் ஒவ்வொரு படமும் ஒரு சட்டகம்; இங்கே ஒவ்வொரு லேயரும் ஒரு சட்டகமாகும். தண்ணீர் வராத ஆறுதான் நம் முதல் சட்டகம்.

அடுத்து அந்த லேயரை நகலெடுத்து, நகலில் மேட்டூர் முதல் முக்கொம்பு வரை மணல் கோட்டின்மேல் நீல நிறம் தீட்டுங்கள். அந்த நகலையே மீண்டும் நகலெடுத்து நீலத்தைக் கல்லணை வரை நீட்டுங்கள். இவ்வாறு ஒவ்வொரு நகலும் முந்தையதன் நீலத்தைச் சுமந்து வருவதால், தண்ணீர் முன்னேறுவது போலத் தோன்றும். காவிரியைத் திருவையாறு, கும்பகோணம், மயிலாடுதுறை வழியாகப் பூம்புகாருக்கும், வெண்ணாற்றை நீடாமங்கலத்துக்கும், கால்வாயை ஒரத்தநாடு வழியாகப் பட்டுக்கோட்டைப் பக்கமும் கொண்டுசெல்லுங்கள். கொள்ளிடத்தை மணல் நிறத்திலேயே விட்டுவிடலாம். உபரி நீர் வரும் காலத்தில்தான் அதில் பெருமளவு திறந்துவிடுவார்கள்.

இந்த வேலையில் மிகுந்த கவனம் தேவைப்படுவது நேரக் கணக்குக்குத்தான். நான் முதன்முதலில் செய்தபோது மென்பொருள் தானாக வைத்திருக்கும் 100 மில்லி நொடியையே எல்லாச் சட்டகங்களுக்கும் விட்டுவிட்டேன். பூதலூர்ப் பக்கம் சாகுபடி செய்யும் பெரியப்பா அதைப் பார்த்துவிட்டு, "தண்ணி எங்க வந்துச்சு, எங்க பிரிஞ்சுச்சுன்னே தெரியலியேப்பா" என்றார். அவர் சொன்னது முற்றிலும் சரி. ஒவ்வொரு லேயரின் பெயருக்குப் பின்னும் அடைப்புக்குறி இட்டு, அதற்குள் எண்ணையும், அதை ஒட்டி இடைவெளியின்றி எம், எஸ் என்னும் ஆங்கிலச் சிறிய எழுத்துகளையும் தட்டினால், அந்தச் சட்டகம் அத்தனை மில்லி நொடி நிற்கும். ஆற்றின் ஓட்டத்துக்கு 400, கல்லணைக்கு 1500, கடைமடைக்குத் தண்ணீர் சேர்ந்த கடைசிச் சட்டகத்துக்கு 3000 என்று வைத்தேன். பிரியும் இடத்தில் கண் நிதானித்துப் பார்க்க முடிந்தது.

ஃபில்டர்ஸ் பட்டியலில் அனிமேஷன் பிரிவில் உள்ள பிளேபேக்கைச் சொடுக்கி ஓட்டிப் பாருங்கள். அடுக்கின் அடியில் உள்ள லேயர்தான் முதலில் ஓடும் என்பதால், வரிசை மாறியிருந்தால் தண்ணீர் பின்னோக்கி ஓடும். மூலப் படத்தை ஜிம்பின் சொந்த வடிவில் சேமித்த பிறகு, ஃபைல் பட்டியலின் எக்ஸ்போர்ட் வழியாக ஜிஃப் கோப்பாக எழுதுங்கள்; அப்போது வரும் பெட்டியில் அனிமேஷனாக எழுதும் தேர்வையும், இடைவிடாமல் சுற்றும் தேர்வையும் மறவாமல் குறியிட வேண்டும். 1987இல் வந்த இந்த வடிவம் ஒரு சட்டகத்துக்கு 256 நிறங்களையே ஏற்கும். ஆகவே நிறக் கலவைகளைத் தவிர்த்துத் தட்டையான நிறங்களையே பயன்படுத்துங்கள். கோப்பின் அளவும் குறையும், வயல் வரப்பில் நின்று கைப்பேசியில் பார்ப்பவருக்கும் விரைவாகத் திறக்கும்.

சாதாரணப் படத்தைச் சேர்ப்பது போலவே இதையும் பக்கத்தில் சேர்க்கலாம். மாற்று உரைக்கான இடத்தில், "மேட்டூரிலிருந்து வரும் தண்ணீர் கல்லணையில் மூன்றாகப் பிரிந்து செல்லும் வரைபடம்" என்று எழுதிவிடுங்கள். பார்வையற்றோரின் திரைவாசிப்பான் அதைத்தான் படித்துக் காட்டும்.