முதல் கணினிக்குக் காற்றுக் குளிர்விப்பானா, நீர்க் குளிர்விப்பானா?

சொந்தமாகக் கணினி பொருத்த விரும்புபவர், தாம் வாங்கவிருக்கும் பிராசசர் (கணினியின் மூளையான சில்லு) எத்தனை வாட் மின்சாரம் இழுக்கும் என்பதை முதலில் பார்க்க வேண்டும். அந்த மின்சாரம் வெப்பமாக மாறும்; அதை அகற்றுவதே குளிர்விப்பானின் வேலை. இயல்பான அமைப்பில் ரைசன் 5 7600 என்ற பிராசசர் ஏறத்தாழ 88 வாட்டோடு நின்றுவிடும். கோர் ஐ5-12400எஃப் முழு வேகத்தில் 117 வாட் வரை போகும். கோர் ஐ9-14900கே 253 வாட்டை எட்டும். முதலிரண்டையும் நல்ல காற்றுக் குளிர்விப்பான் எளிதாகச் சமாளிக்கும்.

நீர் என்ற சொல்லைக் கேட்டதும் குளிர்சாதனப் பெட்டியைப் போல ஏதோ குளிரவைக்கிறது என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில், காற்றுக் குளிர்விப்பானில் செப்புக் குழாய்கள் வெப்பத்தைத் தகடுகளுக்குக் கொண்டு செல்கின்றன. நீர்க் குளிர்விப்பானில் பம்பு திரவத்தை ஓட்டி அதே வேலையை ரேடியேட்டர் (விசிறிகள் பொருத்திய தகட்டுச் சட்டம்) வரை நீட்டிச் செய்கிறது. இரண்டிலும் இறுதியில் விசிறி அந்த வெப்பத்தை அறைக்குள்தான் தள்ளுகிறது. மலேசியாவில், எங்கள் சுங்கை சிப்புட்டில் தகரக் கூரையின் கீழ்ப் பிற்பகல் மூன்று மணிக்கு அறை 34 டிகிரியில் இருந்தால், இவ்விரண்டில் எதுவும் பிராசசரை அதற்குக் கீழே இறக்காது. பணம் மிச்சமிருந்தால் கேஸுக்கு (கணினிப் பெட்டிக்கு) முன்விசிறி ஒன்று கூடுதலாக வாங்குவதே மேல்.

பராமரிப்பில்தான் நம் ஊரின் நிலைமை உண்மையாகக் குறுக்கிடுகிறது. செம்மண் தூசியும், வெள்ளிக்கிழமைச் சாம்பிராணிப் புகையும், பல்லியின் எச்சமும் சேர்ந்து தகடுகளுக்கிடையே அடைகட்டும்; காற்றுக் குளிர்விப்பானாக இருந்தால் விசிறியைக் கழற்றி, பெயிண்ட் தூரிகையால் துடைத்து, மீண்டும் மாட்டிவிடலாம். விசிறி செத்துப்போனாலும் ஈப்போவில் சில பத்து வெள்ளிக்கு வேறொன்று கிடைக்கும். நீர்க் குளிர்விப்பானில் பம்பு நின்றால் முழுவதையும் மாற்ற வேண்டும். உத்தரவாதத்துக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்கும் நாள்களில் கணினி சும்மா கிடக்கும். மூடிய குழாய்களின் வழியாகவும் ஆண்டுக்கணக்கில் திரவம் சிறிது சிறிதாக ஆவியாகிக் குறைகிறது.

இருந்தும், 200 வாட்டைத் தாண்டும் பிராசசரை மணிக்கணக்கில் காணொளித் தொகுப்புக்கு ஓட்டுபவருக்கு 360 மி.மீ. ரேடியேட்டர் கொண்ட நீர்க் குளிர்விப்பான் நியாயமான செலவு. அந்த ரேடியேட்டரைக் கேஸின் மேற்பகுதியில் பொருத்தினால் காற்றுக் குமிழ்கள் பம்பில் தங்காமல் ரேடியேட்டரிலேயே ஒதுங்கும்.

காற்றுக் குளிர்விப்பானைத் தேர்ந்தவர் உயரத்தை அளந்துகொள்ள வேண்டும்: இரட்டைக் கோபுர வகை (இரண்டு தகட்டு அடுக்குகள் கொண்டது) பெரும்பாலும் 155 முதல் 165 மி.மீ. வரை இருக்கும்; கேஸ் 160 மட்டுமே இடம் தருமானால், அதைவிட உயரமானதை மாட்டினால் பக்கக் கதவு மூடாது. உயரமான ரேம் (நினைவகப் பலகை) குளிர்விப்பானின் முன்விசிறியில் இடிக்கிறதா என்றும் பார்க்கவும். குளிர்விப்பானின் அடித்தட்டிலுள்ள பிளாஸ்டிக் தாளை உரிக்க மறக்காதீர்கள். நான் முதன்முறை மறந்து, பிராசசர் கெட்டுவிட்டதென்று ஒரு மாலை முழுவதும் கவலைப்பட்டேன். பிராசசரின் மேல் பட்டாணியளவு பேஸ்டு (வெப்பத்தைக் கடத்தும் பசை) வைத்து, குளிர்விப்பானின் திருகுகளைச் சிறிது சிறிதாக மாற்றி மாற்றி முடுக்கினால் அழுத்தம் சீராகும்.

இரட்டைக் கோபுரம் ஒரு கிலோவை நெருங்கும் எடை கொண்டது. ஆகவே, கடையிலேயே பொருத்தி வாங்கினால், தோட்டத்துச் செம்மண் சாலையின் குழிகளில் மதர்போர்டு (பாகங்கள் பொருந்தும் முதன்மைப் பலகை) வளையாதிருக்க, கேஸைப் படுக்க வைத்து, குளிர்விப்பான் மேல்நோக்கி நிற்கும்படி காரில் ஏற்றிக் கொண்டு வாருங்கள்.