ராப் வரியின் இரண்டாம் பொருளைப் படிப்பது எப்படி?

ராப் பாடல் ஒன்றின் வரிகளை அகராதியை அருகில் வைத்துக்கொண்டு சொல்லுக்குச் சொல் பெயர்த்துப் பார்த்தவர்களுக்கு ஓர் ஏமாற்றம் நேர்ந்திருக்கும்: எல்லாச் சொற்களும் புரிகின்றன, வரி மட்டும் புரியவில்லை. ஒரே வரி ஒரே நேரத்தில் இரண்டு பொருளில் இயங்கும்படி கட்டப்பட்டிருப்பதே அதற்குப் பெரும்பாலும் காரணம். தமிழில் இதைச் சிலேடை என்றும் இரட்டுற மொழிதல் என்றும் சொல்கிறோம். ஆகவே உத்தி நமக்குப் புதியதன்று, அது புழங்கும் உலகம்தான் புதியது. விளக்கத்துக்காக நானே எழுதிய இரண்டு ஆங்கில வரிகளை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு படியாகப் பார்ப்போம்.

தே கேவ் ஹிம் சிக்ஸ்டீன் இயர்ஸ், ஐ ரோட் எ சிக்ஸ்டீன் ஃபார் மை மதர்,
ஸ்டில் டூ மெனி பார்ஸ் பிட்வீன் மீ அண்ட் மை பிரதர்.

படி 1: படிக்கும் முன் கேளுங்கள்

ராப் செவிக்காக எழுதப்படுவது. எழுத்தில் வேறுபடும் இரண்டு சொற்கள் ஒலியில் ஒன்றாகிவிடும்போது பிறக்கும் சிலேடையை அச்சிட்ட வரி காட்டிக்கொடுக்காது. கறுப்பின அமெரிக்கர்களின் பேச்சு ஆங்கிலத்தில் சொல்லின் இறுதியில் வரும் ‘ர்’ ஒலி பல வேளைகளில் தேய்ந்துபோகும். அதனால் கதவைக் குறிக்கும் ‘டோர்’, பணத்தைக் குறிக்கும் கொச்சைச் சொல்லான ‘டோ’வுடன் ஒலியில் கலந்துவிடும். வரிகளைத் திரையில் படித்துக்கொண்டே கேட்பவருக்கு இந்தக் கலப்பு தெரியாமலே போகலாம். முதல் இரண்டு முறையாவது வரிகளைப் பார்க்காமல் கேளுங்கள். எந்தச் சொல்லில் குரல் அழுந்துகிறது, எந்தச் சொல்லுக்கு முன் சிறு இடைவெளி விழுகிறது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். முதல் வரி பீடிகை போட, அடுத்த வரி அடிக்கும் அமைப்பு ராப்பில் மிகப் பழகியது. அந்த அடி விழும் வரியைத்தான் பஞ்ச்லைன் என்கிறார்கள்.

படி 2: நேர்ப்பொருளை எழுதுங்கள்

‘அவனுக்குப் பதினாறு ஆண்டு கொடுத்தார்கள், அம்மாவுக்காக நான் ஒரு பதினாறு எழுதினேன், இருந்தும் எனக்கும் என் சகோதரனுக்கும் நடுவே அளவுக்கு மிஞ்சிய பார்கள்.’ அழகுபடுத்த வேண்டாம். இடறும் இடத்தை இடறலாகவே விட்டுவையுங்கள், ஏனெனில் அடுத்த படி அங்கிருந்துதான் தொடங்குகிறது.

படி 3: அச்சாணிச் சொல்லைத் தேடுங்கள்

இடறும் சொற்கள் இரண்டு: ‘சிக்ஸ்டீன்’, ‘பார்’. ராப்பில் பெரும்பாலும் நான்கு பீட் (தாளத்தட்டு) சேர்ந்தது ஒரு பார்; பேச்சுவழக்கில் ஒரு வரியையே பார் என்பார்கள். ஒரு பாடலில் ஒருவர் பாடும் பகுதி வழக்கமாகப் பதினாறு பார் கொண்டது என்பதால், அந்தப் பகுதிக்கே ‘சிக்ஸ்டீன்’ என்று பெயர். இது தெரிந்தவுடன் முதல் வரியின் இரண்டு பதினாறுகளும் எதிரெதிரே நிற்கின்றன: ஒன்று சிறைத்தண்டனை, மற்றொன்று பாடற்பகுதி. இனி ‘பார்’ என்ற சொல்லுக்கு உங்களுக்குத் தெரிந்த எல்லாப் பொருள்களையும் கூச்சப்படாமல் எழுதுங்கள்: சிறைக்கம்பி, பாட்டின் பார், மதுக்கூடம், கைப்பேசியின் சிக்னல் கோடு, தங்கக்கட்டி.

படி 4: ஒவ்வொரு பொருளையும் வரிக்குள் ஓட்டிப் பாருங்கள்

தொடக்கநிலை வாசகர்கள் இந்தப் படியைத்தான் தாண்டிப் போகிறார்கள். என் கணிப்பில், பொருளைத் தவறவிடுவதைவிட இல்லாத பொருளைக் கண்டுபிடிப்பதே பரவலான பிழை. ஒரு பொருள் அந்தச் சொல்லுக்கு மட்டும் பொருந்தினால் போதாது, முழு வரியையும் அதன் முன் வரியையும் தாங்க வேண்டும். சிறைக்கம்பி தாங்குகிறது: தண்டனை பெற்றவனுக்கும் வெளியே நிற்பவனுக்கும் நடுவே இருப்பது கம்பிதான். பாட்டின் பாரும் தாங்குகிறது, அதோடு வரியின் வலியையும் கூட்டுகிறது: தன் பிரிவைச் சொல்ல எழுதிய பாட்டே பாடுபவனைத் தூக்கிக்கொண்டுபோய்த் தம்பியிடமிருந்து மேலும் விலக்கிவிட்டதோ என்ற குற்றவுணர்வு அதில் ஒலிக்கிறது. சிக்னல் கோடு பொருந்துவதுபோல் தோன்றும், சிறையில் இருப்பவனுடன் தொலைபேசியில்தானே பேச முடியும் என்று. ஆனால் கோடுகள் அதிகம் இருந்தால் பேச்சு தெளிவாகக் கேட்குமே தவிரத் தடைப்படாது, ஆகவே ‘டூ மெனி’ என்ற இரண்டு சொற்கள் அந்தப் பொருளை வெளியே தள்ளிவிடுகின்றன. மதுக்கூடத்துக்கும் தங்கக்கட்டிக்கும் முன் வரியில் எந்தப் பிடிப்பும் இல்லை. (தம்பி என்று நான் எழுதியதும் சரியன்று, வயது வரியில் இல்லை. ‘பிரதர்’ உடன்பிறந்தவனாகவும் இருக்கலாம், நெருங்கிய நண்பனாகவும் இருக்கலாம்.)

படி 5: ஊரையும் காலத்தையும் கேளுங்கள்

கொச்சைச் சொல்லுக்கு முகவரி உண்டு. ‘ஃபெட்ஸ்’ என்று அமெரிக்க ராப்பர் சொன்னால் நடுவண் அரசின் புலனாய்வு அதிகாரிகள். லண்டன் இளைஞர் சொன்னால் சாதாரணப் போலீஸ். ‘ஐஸ்’ வைரம், ‘பிரெட்’ பணம், ‘ரேக்’ ஆயிரம் டாலர். நியூயார்க் ராப்பில் ‘சைஃபர்’ (வட்டம்), ‘காட்’ (கடவுள்) போன்ற சொற்கள் விசித்திரமான இடங்களில் வந்தால், 1964-இல் அந்நகரின் ஹார்லெம் பகுதியில் தோன்றிய ஃபைவ் பெர்சென்ட் நேஷன் என்ற கறுப்பின அமெரிக்கர்களின் இயக்கத்தின் வழக்கா என்று பாருங்கள். அவ்வியக்கத்தின் ஆண்கள் ஒருவரையொருவர் ‘காட்’ என்றே விளித்தார்கள். 2009-இல் தொடங்கிய ஜீனியஸ் தளத்தில் வரிக்கு வரி விளக்கம் கிடைக்கும், ஆனால் அதில் பெரும்பகுதி ரசிகர்கள் எழுதியது. உங்கள் விளக்கத்தை எழுதிய பிறகே அதைத் திறந்து, அங்கே காணும் விளக்கத்தையும் நான்காம் படியின் சோதனைக்கு உட்படுத்துங்கள்.

படி 6: பேசுவது யார் என்று பாருங்கள்

உருவகம் ஒரு சொல்லோடு நிற்காமல் பாடல் முழுவதும் படர்வதும் உண்டு. நியூயார்க் ராப்பர் நாஸ் 1996-இல் ஒரு பாடல் முழுவதையும் துப்பாக்கியின் குரலில் பாடினார். அங்கே ‘நான்’ என்பது பாடகர் அல்லர் என்று பிடிபடாவிட்டால் ஒரு வரிகூடத் தேறாது. ‘கொன்றேன்’, ‘புதைத்தேன்’ என்று வரும் வரிகளுக்கும் இது பொருந்தும்; ராப் போட்டியில் அவை எதிராளியைச் சொல்லால் வீழ்த்தியதைக் குறிப்பவை. வேண்டுமென்றே மிகைப்படுத்துவதும், பழித்துப் போட்டியிடுவதும், சொன்னதற்கு மாறாகப் பொருள் வைப்பதும் கறுப்பின அமெரிக்கர்களின் வாய்மொழி மரபில் ‘சிக்னிஃபையிங்’ எனப்படுகின்றன. 1990-இல் ஃபுளோரிடாவில் ஒரு ராப் குழுவின் மீது தொடுக்கப்பட்ட ஆபாச வழக்கில், இலக்கிய அறிஞர் ஹென்றி லூயிஸ் கேட்ஸ் சாட்சிக்கூண்டில் ஏறி இந்த மரபை விளக்கினார், குழுவினர் விடுதலையானார்கள். ராப் வரிகளைக் குற்ற வழக்குகளில் சான்றாகக் காட்டுவதைக் கட்டுப்படுத்தும் சட்டத்தைக் கலிஃபோர்னியா 2022-இல் இயற்றியது. எல்லா வரியும் கற்பனை என்றும் இதற்குப் பொருளில்லை. சில பாடல்கள் நடந்ததை நடந்தபடியே சொல்கின்றன, எந்த வகை என்பதைப் பாடலின் மற்ற வரிகளைக் கொண்டே முடிவு செய்ய வேண்டும்.

பயிற்சிக்கு இன்னொரு சொந்த வரி:

மை அங்கிள் மூவ்ட் கீஸ், ஐ லேர்ன்ட் டு ப்ளே தெம்.

‘கீ’ வீட்டுச் சாவி, பியானோவின் கட்டை, போதைப்பொருள் வணிகத்தில் ஒரு கிலோ. அதே வணிகத்தில் ‘மூவ்’ என்றால் விற்பது. மூன்று பொருள்களில் ஒன்று இந்த வரிக்குள் நிற்காது. எது என்றும், அதை வெளியேற்றும் சொல் எது என்றும் எழுதிப் பாருங்கள்.