ஐஸ் பாவித்தவருக்குப் பிறசர் ஏறினால்

ஐஸ், அதாவது மெத்தம்பெட்டமைன், நரம்பு முனைகளில் கிடக்கும், உடம்பை உசுப்புகிற நோரட்ரினலின் என்ற இரசாயனத்தை ஒரேயடியாக வெளியே தள்ளும். அது இரத்தக் குழாய்களை இறுக்கி, இதயத்தையும் விரட்டும். பிறகு பிறசர் ஏறாமல் என்ன செய்யும்? இதயத்துக்கு ஒட்சிசன் கூடத் தேவைப்படுகிற அந்த நேரத்திலேயே, அதற்கு இரத்தம் கொண்டுபோகிற முடியுரு நாடிகளும் சுருங்கலாம். இருபது வயதுப் பொடியனுக்கு மாரடைப்பு வருவது இப்படியும்தான்.

நெஞ்சுநோ, மூச்சுமுட்டல், வலிப்பு, வாய் கோணல், பிதற்றல், கொதிக்கிற உடம்பு: இவற்றில் ஒன்று இருந்தாலும் பிறசர் மெசினைத் தேடாதீர்கள். உடனே 1990க்கு அழையுங்கள்; அம்புலன்ஸ் இலவசம். வரும்வரை சேட்டைக் கழற்றி, உடம்பை நனைத்து, ஃபான் போடுங்கள். வைகாசி வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே படுக்க வைப்பது ஆபத்து. பனடோல் இந்தச் சூட்டைக் குறைக்காது. வலிப்பென்றால் பக்கவாட்டில் சரித்துவிடுங்கள், வாய்க்குள் எதையும் வைக்க வேண்டாம்.

இவை இல்லையென்றால் அளக்கலாம். ஐந்து நிமிடம் சாய்ந்து இருக்கட்டும். வெறும் கையில் பட்டியைக் கட்டி, கையை நெஞ்சு மட்டத்தில் மேசைமேல் வையுங்கள். கை தொங்கினாலும் பட்டி சிறிதானாலும் கூட்டித்தான் காட்டும். ஒரு நிமிடம் விட்டு மறுபடி அளந்து பாருங்கள். திமிறுபவரைப் பிடித்து அமுக்கி அளக்கப் போனால், அந்த இழுபறியே பிறசரை ஏற்றும். 180/120ஐத் தொட்டால், வேறு குறி இல்லாவிட்டாலும் வைத்தியசாலைதான். குறைவாக இருந்தாலும் நிம்மதியாகப் படுக்கப் போகாதீர்கள்: கொக்கெயின் இரத்தத்தில் ஒரு மணித்தியாலத்தளவில் பாதியாகிவிடும், ஐஸ் பாதியாகவே பத்து மணித்தியாலத்துக்கு மேல் எடுக்கும். அரை மணிக்கொரு தரம் பாருங்கள்.

அம்மம்மாவின் பிறசர் குளிசையை எடுத்துக் கொடுப்பதுதான் வீடுகளில் நடக்கிற பெரிய பிழை. நிஃபெடிப்பினைக் கடிக்கக் கொடுத்தால் பிறசர் சடாரென விழுந்து, மூளைக்கும் இதயத்துக்கும் இரத்தம் போதாமல் போகலாம். அட்டெனலோல் இதயத்தின் வேகத்தைக் குறைக்கும். இறுகிய குழாய்களைத் தளர்த்தாது. பெரும்பாலும் முதலில் தேவைப்படுவது பதற்றத்தை அடக்கும் ஊசி, அதுவும் வைத்தியர் கையால்.

யாழ் போதனாவோ பருத்தித்துறை ஆதார வைத்தியசாலையோ, எங்கே போனாலும் என்ன பாவித்தது, எத்தனை மணிக்கு என்பதை ஒளிக்காமல் சொல்லுங்கள். மருந்துத் தெரிவே அதில்தான் தங்கியிருக்கிறது.

நாட்பட்ட பாவனை இதயத் தசையைத் தளரவைக்கும். கால் வீங்கி, மல்லாந்து படுக்க மூச்சு முட்டினால் எக்கோ, அதாவது இதய ஸ்கான், எடுக்கக் கேளுங்கள். ஐஸை விட்டால், பலருக்கு அந்தத் தசை ஓரளவு தேறும்.