லீக்ஸ் சூப்பும் பட்டர் பணிஸும்: விடுதிச் சுவை வீட்டு அடுப்பிலேயே

நுவரெலியா விடுதிகளில் குளிருக்கு இதமாகக் கிடைக்கும் லீக்ஸ் சூப்பையும், மேலே பட்டர் பூசிச் சூடாகத் தரும் சிறு பணிஸையும் விரும்பாதவர் குறைவு. ஆனால் விலைப்பட்டியலில் காணும் தொகையோடு, பல இடங்களில் 10 சதவீத சேவைக் கட்டணமும், 2024 ஜனவரி முதல் 18 சதவீதமாக உயர்ந்துவிட்ட பெறுமதி சேர் வரியும் சேரும்போது, நான்கு பேர் கொண்ட குடும்பம் சூப்போடு எழுந்துவிட நேர்கிறது. லீக்ஸும் உருளைக்கிழங்கும் நமது மலைகளிலேயே விளைபவை. மற்றவை கோதுமை மா, ஈஸ்ட், பட்டர், பால்மா ஆகியவைதான். லீக்ஸைப் பொறுமையாக வதக்குவதும் மாவைப் பொறுமையாகப் பொங்க விடுவதுமே அந்தச் சுவைக்கு அடிப்படை. மாவின் வேலையை மலையகத்து இரவுக் குளிரே செய்து கொடுத்துவிடும்.

பணிஸுக்கான மாவை முதல் நாள் இரவே பிசைந்து வைக்க வேண்டும். 500 கிராம் கோதுமை மாவுடன் ஒன்றரைத் தேக்கரண்டி உப்பு, இரண்டு மேசைக்கரண்டி சீனி, அதே அளவு பால்மா, அரைத் தேக்கரண்டி உடனடி ஈஸ்ட் ஆகியவற்றைக் கலந்து, சுமார் 300 மில்லிலீற்றர் நீர் விட்டுப் பத்து நிமிடம் பிசைந்த பிறகே 40 கிராம் பட்டரைச் சேர்க்க வேண்டும். பட்டரை முதலிலேயே சேர்த்தால் மாவுக்கு இழுவை வரத் தாமதமாகும். பட்டர் முழுவதும் உள்வாங்கியபின் ஒரு துண்டைக் கிள்ளி இரு கைகளாலும் மெல்ல இழுத்துப் பாருங்கள். கிழியாமல், மறுபக்கத்து வெளிச்சம் தெரியும் அளவுக்கு விரிந்தால் பதம் சரி. மூடி வைத்துவிட்டு உறங்கச் செல்லலாம். நுவரெலியாக் குளிருக்கு இந்த ஈஸ்ட் அளவு பொருந்தும். கண்டிப் பக்கம் வெப்பம் கூடுதலாக இருப்பதால் கால் தேக்கரண்டியே போதும். எங்கே இருந்தாலும் கடிகாரத்தைப் பார்க்காமல், மா இரு மடங்காகியுள்ளதா என்பதையே பார்க்க வேண்டும். இவ்வாறு மெதுவாகப் பொங்கும் மாவில் உண்டாகும் இலேசான புளிப்பும் மணமும், அதிக ஈஸ்ட் போட்டு ஒரு மணி நேரத்தில் பொங்க வைத்த மாவில் கிடைப்பதில்லை.

காலையில் மாவைப் பன்னிரண்டு உருண்டைகளாக்கி, பட்டர் தடவிய தட்டில் ஒன்றையொன்று தொடுமளவுக்கு நெருக்கமாக அடுக்கி, அடுப்பின் அருகே ஒன்று முதல் ஒன்றரை மணி நேரம் வரை வைக்க வேண்டும். அவண் இருப்பின் 200 பாகை செல்சியஸில் 20 நிமிடம் போதுமானது. அவண் இல்லாதவர்கள் கனமான பெரிய பாத்திரத்தில் இரண்டு விரற்கடை மணல் பரப்பி, அதனைக் கால் மணி நேரம் சூடாக்கி, உள்ளே ஒரு தாங்கியின் மீது தட்டை வைத்து மூடி, மூடியின் மேல் சிரட்டைத் தணலைப் பரப்பலாம். விறகடுப்பு உள்ள லயத்து வீடுகளுக்கு இது மிகவும் ஏற்ற முறை. மேல்தணல் இன்றி வெறும் எரிவாயு அடுப்பில் வைத்தால் பணிஸ் வேகும், ஆனால் மேற்புறம் சிவக்காது. இறக்கிய உடனேயே பட்டர் பூசுங்கள். ஆறிய பின் பூசினால் அது உள்ளே இறங்காது.

சூப்பின் பெரும் பகுதி வதக்கலில்தான் இருக்கிறது. 300 கிராம் லீக்ஸின் வெண்மையான பகுதியையும் இளம்பச்சைப் பகுதியையும் மட்டும் எடுத்து, நீளவாக்கில் பிளந்து, மடல்களுக்கு இடையில் ஒளிந்திருக்கும் மண் போகும்வரை ஓடும் நீரில் கழுவுங்கள். மெல்லிதாக அரிந்து, 30 கிராம் பட்டரில் சிறிது உப்பிட்டு, மூடி போட்டுச் சிறு தீயில் 15 நிமிடம் வதக்க வேண்டும். நிறம் மாறக் கூடாது. பொன்னிறமானால் வெங்காயப் பொரியலின் சுவைதான் வரும். பின்னர் சிறிதாக வெட்டிய 300 கிராம் உருளைக்கிழங்கையும் ஒரு லீற்றர் நீரையும் சேர்க்கலாம். கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,868 மீற்றர் உயரமுள்ள நுவரெலியாவில் நீர் ஏறக்குறைய 94 பாகையிலேயே கொதித்துவிடுவதால், கொழும்பில் எழுதப்பட்ட சமையற்குறிப்பின் நேரத்துக்குள் கிழங்கு வேகாது. கரண்டியால் அழுத்தியதும் உடையும் வரை கொதிக்க விடுங்கள்.

கடையில் வாங்கும் சூப் கட்டிகளை நான் பரிந்துரைக்க மாட்டேன். எந்தச் சூப்பில் போட்டாலும் அவை ஒரே சுவையைத்தான் தரும். கரட் நுனிகளையும் சல்லரித் தண்டையும் லீக்ஸின் ஒரு பச்சை இலையையும் கொதிக்க வைத்து வடித்த நீரே போதுமானது. மீதிப் பச்சை இலைகளை மாசி சேர்த்து வதக்கினால் மதியச் சோற்றுக்கு ஒரு கறியாகும்.

வெந்த கிழங்கை மிக்ஸியில் நெடுநேரம் அடித்தால் சூப் பசை போலாகிவிடும். மத்தினால் மசித்து வடிகட்டியில் தேய்ப்பது நல்லது. அடுப்பை அணைத்த பின், மூன்று மேசைக்கரண்டி பால்மாவை இளஞ்சூட்டு நீரில் கரைத்து ஊற்றி, வெள்ளை மிளகுத்தூளும் ஒரு சிட்டிகை துருவிய சாதிக்காயும் சேர்க்க வேண்டும். மீந்த சூப் மறுநாள் இறுகியிருக்கும். வெந்நீர் விட்டுத் தளர்த்திச் சிறு தீயில் சூடாக்கலாம். பணிஸை இட்டலிச் சட்டி ஆவியில் மூன்று நிமிடம் வைத்தால் மீண்டும் மென்மையாகும்.